ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கு

பிள்ளைகள் எதற்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்று அளந்து சொல்வதுதான் சுகந்தியின் வேலை. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் விளையாட்டுத் தரச்சான்றுக் குழுவின் அலுவலகம் இருந்தது. விற்பனைக்கு வரப்போகும் வீடியோ கேம் எதுவானாலும் முதலில் அங்கே வந்தாக வேண்டும். ரத்தம் எவ்வளவு தெறிக்கிறது, எத்தனை இடத்தில் திடுக்கிட வைக்கிறது, எந்த வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம் என்று பார்த்துச் சான்று கொடுப்பார்கள். பத்து வருடங்களாகச் சுகந்தி அதைச் செய்துவந்தாள். கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வயதைப் படித்துவிட்டு வாங்கும் பெற்றோர் யாருக்கும் அவளைத் தெரியாது. ஆனாலும் அவர்கள் நம்பியது அவளைத்தான்.

'ஒற்றைப்பனை' என்ற விளையாட்டு ஆடி மாதத்தில் அவள் மேசைக்கு வந்தது. நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எடுத்துக் கட்டிய புதிர் விளையாட்டு. தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு சிறுமி பனங்காட்டுக்குள் நுழைகிறாள். வழியில் கொள்ளிவாய்ப் பிசாசு நிற்கும், கிணற்றடியில் மோகினி நிற்கும், புளியமரத்திலிருந்து தலையில்லாத முண்டம் இறங்கி வரும். ஒவ்வொன்றும் ஒரு விடுகதை போடும். விடை சொன்னால் வழி விடும். ஊர் எல்லை மண்குதிரைகளுக்குப் பூசுகிற சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திரை முழுக்க அப்படி ஒரு அழகு.

இத்துடன் ஒரு நெற்றிப்பட்டையும் வந்தது. விளையாடுகிற பிள்ளை பயந்தால் பட்டை அதைக் கண்டுகொள்ளும். பயப்படப் பயப்படப் பிசாசு ஓரடி ஓரடியாக நெருங்கி வரும். மூச்சை இழுத்து விட்டு மனதை அடக்கினால் பின்வாங்கும். பிள்ளை முழுக்க அமைதியான பிறகுதான் அது விடுகதையே போடும்.

"பயமுறுத்தறதுக்கே ஒரு பட்டையா? ஏழு வயசுக்கு இது ஜாஸ்தி. பன்னெண்டுன்னு போட்டுரலாம்" என்றார் உடன் வேலை பார்த்த வரதராஜன்.

"வீட்டுச் சோதனை முடியட்டுங்க சார். பார்த்துட்டுச் சொல்லலாம்" என்றாள் சுகந்தி.

வீட்டுச் சோதனை என்பது குழுவின் விதி. முப்பது வீடுகளில் பிள்ளைகள் ஆறு வாரம் விளையாடுவார்கள், பெற்றோர் குறிப்பு எழுதுவார்கள். அந்த முப்பதில் ஒரு பெட்டியைச் சுகந்தி தன் மகளுக்காக எடுத்துப்போனாள். விதியில் அதற்குத் தடை இல்லை.

மகள் தன்விகாவுக்கு எட்டு வயது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடுவாள். பலூன் கட்டிய வீட்டுக்குள் வரமாட்டாள். குளியலறைக்குப் போனால் அம்மா வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சொந்தத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில், "இத்தனை பெருசா வளர்ந்தும் இந்தப் புள்ள முந்தானைய விடலையே" என்று யாரோ சொன்னார்கள். சுகந்தி சிரித்துச் சமாளித்தாள். உள்ளுக்குள் மட்டும் அது ஆறவே இல்லை.

முதல் வாரம் தன்விகா பட்டையைக் கழற்றி வீசிவிட்டு அழுதாள். இரண்டாம் வாரம் அம்மா மடியில் உட்கார்ந்து விளையாடினாள். நான்காம் வாரம் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்து, "வாய மூடு, புகை வருது" என்று சிரித்தாள். ஆறாம் வாரம் குளியலறைக்குத் தனியாகப் போய்விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

மற்ற வீடுகளிலிருந்தும் இதே மாதிரிக் குறிப்புகள்தான் வந்திருந்தன. சுகந்தி அறிக்கை எழுதினாள்: 'பயத்தைத் தானே கடக்கக் குழந்தைக்குக் கற்றுத்தருகிறது. ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது.' கையெழுத்துப் போடும்போது அவளுக்கு நிறைவாக இருந்தது.

தீபாவளிக்கு முன்பே விளையாட்டு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டது.

நாய்தான் முதலில். பள்ளி வேனிலிருந்து இறங்கிய தன்விகா, குட்டி போட்டிருந்த தெருநாயின் வாய்க்குள் கையை விட்டுவிட்டாள். காவலாளி ஓடிவந்து பிரிப்பதற்குள் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோதும் அவள் முகம் சுளித்தாளே தவிர அழவில்லை. வலித்திருக்கிறது. ஆனால் கட்டுப் போடும்வரை காயத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது உறுமுச்சில்ல? உறுமுனா கடிக்கும்னு தெரியாதா சாமி?"

"தெரியுமே."

"அப்பறம் ஏன் கை வெச்சே?"

"வெக்கக் கூடாதுன்னு உள்ளே ஒண்ணும் சொல்லலைம்மா" என்றாள்.

கணபதிப் பகுதியில் பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர் ரகுபதிக்கு இது பெரிதாகப் படவில்லை. "முன்னால அழறான்னு அழுதே. இப்ப தைரியமா இருக்கறான்னும் அழுதா நான் என்னதான் பண்றது?" என்று மனைவியைக் கேட்டார். கட்டுப் போட்ட கையோடு மகள் சைக்கிள் ஓட்டுவதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கீழே யாரோ அலறும் சத்தம் கேட்டுச் சுகந்தி பால்கனிக்கு ஓடினாள். கீழே நின்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் தன்விகா நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஏழு வயது ஹர்ஷினியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

படியேறிப் போனது சுகந்திக்கு நினைவில் இல்லை. ஹர்ஷினியின் முகம் மட்டும் நினைவில் இருந்தது. சுண்ணாம்பு போல வெளுத்து, சத்தமே வராமல் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. தன்விகா அவளை, "வா, வா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மோகினியின் விடுகதை ஒன்றை அவளுக்குப் போட்டு, விடை சொன்னால் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாளாம்.

இருவரையும் இழுத்துத் தரையில் போட்டபின் சுகந்தி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவ அழுதாளே, ஏன் கைய விடல?"

"அழுதா என்னம்மா? கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ்வளவுதானே."

அவள் திமிராகச் சொல்லவில்லை. புரியாத கணக்கை விளங்கிக்கொள்ள நினைக்கும் பிள்ளையின் முகத்தோடு, உண்மையாகவே பதிலை எதிர்பார்த்து நின்றாள். தன் பயத்தைத் தொலைத்தவளுக்கு அடுத்தவர் பயமும் தெரியாமல் போய்விட்டது என்பது சுகந்திக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவள் கத்திகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மகள் வீட்டில் எந்த அறையில் இருக்கிறாள் என்று காது எந்நேரமும் தேடிக்கொண்டிருந்தது. பின்னால் காலடி கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. அது நாய்க்கோ உயரத்துக்கோ பயந்து வந்த நடுக்கமில்லை என்பதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மாலை சமையலறையில் வெண்டைக்காயைக் கையாலேயே ஒடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் தன்விகா வந்து நின்றாள்.

"அம்மா, உன் கை ஆடுது."

"ஒண்ணுமில்ல சாமி. போய்ப் படி."

தன்விகா ஓரடி உள்ளே வந்தாள். கையைப் பார்த்தாள். இன்னும் ஓரடி வைத்தாள். பிறகு இரண்டடி பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். "நான் கிட்ட வந்தா ஜாஸ்தி ஆடுது. தள்ளிப் போனா நின்னுருது" என்றாள் ஆர்வத்தோடு. "மூச்சை நல்லா இழுத்து விடும்மா. அப்பத்தான் நான் போவேன்."



மறுநாள் அவள் சரவணம்பட்டியில் இருந்த அந்த விளையாட்டு நிறுவனத்துக்குப் போனாள். பட்டையை வடிவமைத்த ஜெரால்டு அவளை எதிர்பார்க்கவில்லை. முப்பது வயதுக்காரன். மேசை மேல் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களை அடுக்கி வைத்திருந்தான்.

"எல்லாமே நன்றிக் கடிதம் மேடம். ஒரு புகார்கூட வரல."

"பயம் போயிருச்சுன்னு யாராவது புகார் குடுப்பாங்களா? நானே குடுக்கலையே." அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். மொட்டை மாடியைச் சொன்னபோது அவன் கடிதங்களை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"பயம் வர்றப்ப மூளையில ஒரு இடம் கிளம்பும். புள்ளை அதை அடக்குனதும் பட்டை லேசா ஒரு துடிப்பு குடுத்து, சபாஷ்னு தட்டிக்குடுக்கற மாதிரி பண்ணும். அவ்வளவுதான் நாங்க செஞ்சது. விளையாட்டுக்குள்ளே மட்டுந்தான் அடங்கும்னு நினைச்சோம்." அவன் குரல் தாழ்ந்தது. "சின்ன வயசு. தட்டிக்குடுத்ததுல அது ஒரேயடியா தூங்கிருச்சு போல."

"எழுப்ப முடியுமா?"

"வெறுமனே எழுப்புனா எதுக்குப் பயப்படறதுன்னு அதுக்குத் தெரியாது. யாராவது கத்துக்குடுக்கணும். குழந்தைங்க பயத்தைக் கத்துக்கறதே அம்மா முகத்தைப் பார்த்துத்தானே மேடம். உங்க பயத்தைப் பட்டையில பதிவு பண்ணி, விளையாட்டு வழியா அவளுக்குக் குடுக்கலாம். படமா எதுவும் வராது. எதைப் பார்த்தா உங்க உடம்பு பின்வாங்குதோ, அதைப் பார்த்தா அவ உடம்பும் பின்வாங்கும்."

சுகந்தி தன் குழுத் தலைவருக்கும் கடிதம் எழுதினாள். சான்றை நிறுத்தி வைக்கக் கேட்டாள். புகாரே வராதபோது எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்டார். சோதனைக்குப் போன மற்ற இருபத்தொன்பது வீடுகளையும் கூப்பிட்டு விசாரிக்க மட்டும் சம்மதித்தார். பிள்ளை நெருப்பைத் தொடுகிறதா, உயரத்தில் ஏறுகிறதா என்று நேராகக் கேட்டபின் ஒவ்வொரு தாயாகப் போனில் அழ ஆரம்பித்தார்கள். எல்லாருமே தம் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று நினைத்து மூடி வைத்திருந்தார்கள். முதலில் தன்விகாவுக்குச் செய்து பார்ப்பது, சரியானால் மற்றவர்களுக்கும் கொடுப்பது, பிறகு கடைக்குப் போனதையெல்லாம் மாற்றுவது என்று முடிவாயிற்று.

பத்து நாள் சுகந்தி கூந்தலுக்கடியில் பட்டையைக் கட்டிக்கொண்டு நடமாடினாள். மகளுக்குத் தேவைப்படும் என்று வேண்டுமென்றே தேடித் தேடிப் பயந்தாள். மொட்டை மாடிச் சுவரோரம் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். சத்தி ரோட்டில் லாரி வரும்போது ஓரத்திலேயே நின்றாள். குரைக்கிற நாயின் பக்கத்தில் போனாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் தன்விகா எதிரே நிற்பாள்.

பதினோராம் நாள் ஜெரால்டு பதிவைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான். "இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லைங்க மேடம். துண்டு துண்டா இல்லாம ஒரே மாதிரி, பலமா இருக்கு. கண்டிப்பா ஒட்டும்."

எதன் பதிவு அது என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் பலம்தான் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் தினமும் அரை மணி நேரம். இம்முறை விளையாட்டு தலைகீழாக இருந்தது. பயந்தால்தான் பனங்காட்டில் வழி திறக்கும். மூன்றாம் நாள், பால்கனிப் பக்கம் போன தன்விகா கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சட்டென்று நின்றாள். தோள் குறுகியது. நாலடி பின்வாங்கி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சின்ன உடம்பு நடுங்குவதை உணர்ந்து சுகந்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். ரகுபதி ஜிலேபி வாங்கி வந்தார்.

"சரியாயிருச்சுங்க" என்று ஜெரால்டுக்குப் போன் செய்தாள்.

"சந்தோஷம் மேடம். ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா மத்த வீடுகளுக்கும் ஆரம்பிச்சிரலாம். அந்த அம்மாக்களும் பதிவு முடிச்சுட்டாங்க."

பக்கத்து வீட்டு ஹர்ஷினியை நினைத்துக்கொண்டாள். இன்னும் இருபத்தொன்பது மொட்டை மாடிகளை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அதன்பின் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. தன்விகா கண்ணாடி முன் நின்று தலை சீவ மறுத்தாள். எவர்சில்வர் தட்டைத் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் தட்டு கேட்டாள். கைகளைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டே உட்கார்ந்தாள். ரகுபதி அவளுடைய பழைய சைக்கிள் வீடியோவைப் போனில் ஓடவிட்டபோது, அதில் அவளே சிரிக்கும் சத்தம் கேட்டு வீறிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்தாள். பழைய பயங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன என்று சுகந்தி எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணத்தான் அவள் விரும்பினாள்.

சனிக்கிழமை காலை, துவைத்த துணியை மடித்து வைக்க அறைக்குள் போனாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தன்விகா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் துப்பட்டாவால் தன் இரண்டு மணிக்கட்டையும் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி பண்றே?"

"முடிச்சு விழமாட்டேங்குது. நீ கட்டி விடும்மா."

சுகந்தி மெதுவாக எதிரில் உட்கார்ந்தாள். "எதைப் பார்த்துப் பயமா இருக்குது? நாயா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"மாடியா? நெருப்பா?"

"அதெல்லாம் இல்லை."

"அப்பறம்?"

தன்விகா துப்பட்டா சுற்றிய கைகளைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தொட்ட உடனே விருட்டென்று கையை விலக்கிக்கொண்டாள். "இந்தப் பொண்ணைப் பார்த்து" என்றாள். "வயித்துக்குள்ளே ஐஸ் வெச்ச மாதிரி இருக்குதும்மா. ஓடிப் போலாம்னு பார்த்தேன். எங்க போனாலும் நானும் கூடவே வர்றேன்."



"அன்னைக்குச் சமையல்கட்டுல உன் கை ஆடுச்சே" என்றாள் தன்விகா. இப்போது அவள் பார்வையில் அந்தப் பழைய ஆர்வம் இல்லை. "என்னைப் பார்க்கறப்ப உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

சுகந்தி எழுந்து போய்ப் போனை எடுத்தாள்.

"ஜெரால்டு, நிறுத்துங்க. மத்த வீடுகளுக்கு அனுப்பாதீங்க."

"வியாழக்கிழமையே அனுப்பிட்டோம் மேடம். இன்னைக்கு மூணாவது நாள். எல்லா வீட்லயும் பிள்ளைங்க அம்மாவைக் கட்டிப் புடிச்சு அழறாங்களாம். ஏன் மேடம்?"

"அந்த அம்மாக்களோட பதிவு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இருபத்தொன்பதும் அச்சு அசல் உங்களது மாதிரியே, ஒரே விதமா, பலமா."

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இப்போதே எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டுப் பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள் என்றாள். காரணத்தை நானே ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

தன்விகா அதே இடத்தில் அசையாமல் இருந்தாள். கேட்ட கேள்வியும் அப்படியே இருந்தது.

"சொல்லும்மா."

பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மகளின் உடம்புக்குள் ஓடுவது தன் பயம். அதனிடம் எந்தப் பொய்யும் எடுபடாது என்று சுகந்திக்குத் தெரிந்தது.

"ஆமா சாமி. இப்படித்தான் இருந்துச்சு."

தன்விகா தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்பறம் ஏம்மா நீ ஓடிப் போகல?"

சுகந்தி அந்த இடுக்குக்குள் உடம்பைத் திணித்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துப்பட்டாவை அவிழ்த்து அந்தக் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டாள். கைகள் நடுங்கின. எது யாருடைய நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.